லீடர் ஒட்டிய சிவப்பு அம்பு

என்னுடைய ஆசிரியர் பயிற்சிப் பதிவேட்டின் கடைசிப் பாடக்குறிப்பில், பக்க ஓரத்தில், ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருக்கிறது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. சிவப்பு என்று சொல்வதுகூடப் பழக்கதோஷம்தான். வெளுத்து ரோஸ் நிறத்துக்கு வந்து வெகுநாளாகிறது. பனியன் கம்பெனிகளில் செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்கள், தைத்து வந்த துணியில் பிழை கண்ட இடத்தில் ஒட்டுகிற ஸ்டிக்கர் அது. தையல் விட்டுப்போயிருந்தால் ஓர் அம்பு, எண்ணெய்க் கறை பட்டிருந்தால் ஓர் அம்பு. போன வாரம் பீரோவை ஒழுங்குபடுத்தும்போது பதிவேடு கையில் அகப்பட்டது. அம்பு காட்டுகிற வரியைப் பாடிப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து சிரிக்கிறேனே என்று வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதை ஒட்டியவள் ஏழாம் வகுப்பின் லீடர். அவளுக்குப் பெயர் இருந்தது, நல்ல பெயர்தான். ஆனால் தலைமையாசிரியர் முதல் சத்துணவுக்கூடத்து அக்கா வரை எல்லாரும் அவளை லீடர் என்றே கூப்பிட்டார்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் அப்படியே நின்றுவிட்டது. அப்போது நான் இசைக் கல்லூரி முடித்துவிட்டு ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். நாற்பது நாள் ஏதாவது ஒரு பள்ளியில் போய்ப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். எனக்குக் கிடைத்தது திருப்பூரில், கம்பெனிகளுக்கு நடுவே ஒரு சந்தில் இருந்த நடுநிலைப் பள்ளி. சொந்த ஊர் கணியூர். கரும்புக் காட்டுக்காரக் குடும்பம். திருப்பூரில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டேன். பாட்டுப் படித்துவிட்டு என்ன செய்யப்போகிறாய், கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் வேலைக்குப் போகலாமே என்று சித்தப்பா தினமும் காலையில் டீயோடு சேர்த்து ஒரு தடவை கேட்பார்.

என் குணத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த வயதில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அதோடு கர்வமும் உண்டு. எனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஐயா, சுருதி ஒரு நூல் விலகினாலும் கையை உயர்த்திப் பாட்டை நிறுத்திவிடுவார். கை உயர்ந்தால் நாங்கள் அத்தனை பேரும் ஒடுங்கிப்போவோம். சங்கீதம் என்றால் அதுதான், அந்தப் பயம்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஆகவே முதல் நாள் சுருதிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏழாம் வகுப்புக்குள் நுழைந்தபோது, இந்தப் பிள்ளைகள் செய்த புண்ணியம் நான் வந்தது என்றுதான் நினைப்பு.

உள்ளே கணக்கு சார் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கால அட்டவணையில் வாரம் இரண்டு பாட்டுப் பீரியட் இருந்தது. ஆனால் பாட்டுக்கு ஆசிரியர் இல்லாததால் ஆண்டுக்கணக்கில் அதைக் கணக்கு சார் அனுபவித்து வந்தார். நான் வாசலில் நிற்பதைப் பார்த்தும் பார்க்காததுபோல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் முதல் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். எண்ணெய் வழிய வாரிய ரெட்டைச் சடை, நெற்றியில் பொட்டுக்குப் பதிலாகச் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு. “சார், இது பாட்டுப் பீரியடுங்க. பாட்டு மிஸ் வெளியில நிக்கறாங்க” என்றாள். மெதுவாகச் சொன்னதாகத்தான் அவளுக்கு எண்ணம். அடுத்த வகுப்பில் இருந்தவர்கள்கூட நான் நிற்பதைத் தெரிந்துகொண்டார்கள். கணக்கு சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

அந்தக் குரலுக்காகத்தான் அவளை லீடராக்கியிருந்தார்கள். ஆசிரியர் வரும்போது வகுப்பை எழுப்புவதற்கும், பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதுவதற்கு முன்னால் ஓர் எச்சரிக்கை கொடுப்பதற்கும் அந்தப் பள்ளியில் மைக் தேவைப்படவில்லை. அம்மா செக்கிங்கில் வேலை. பள்ளி விட்டதும் லீடர் கம்பெனி வாசலில் போய் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிவிட்டு, அம்மாவோடு வீட்டுக்குப் போவாள். கம்பெனி அக்காக்கள் மிச்சம் மீதி ஸ்டிக்கர் சுருளை அவளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவளைப் பார்த்து வகுப்பில் பாதிப் பெண்கள் அம்புப் பொட்டு வைத்திருந்தார்கள்.

முதல் பாடத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. ஸரிகமபதநி என்று நான் உருகி உருகிப் பாடினேன். பிள்ளைகள் திருப்பிச் சொன்னது அச்சு அசல் கணக்கு வாய்ப்பாட்டு ராகத்தில். ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலு என்று இழுத்து, கடைசியில் ஒரு வெட்டு வெட்டி நிறுத்துவார்களே, அதேதான். எந்தச் சுரத்தைக் கொடுத்தாலும் அந்த அச்சில் போட்டுத்தான் திரும்பி வந்தது. உடுமலைப் பக்கத்துப் பிள்ளைகள், தெற்கேயிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைகள், வீட்டில் இந்தி பேசிவிட்டு வருகிற அக்கா தங்கை இரண்டு பேர் என்று வகுப்பில் பலவிதமான பேச்சு இருந்தது. வாய்ப்பாட்டு ராகத்தில் மட்டும் அத்தனை பேரும் ஒற்றுமை. அதைக் கலைக்கவே எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அவர்களுக்காக ஒரு மழைப் பாட்டு எழுதி, பல்லவியும் ஒரே ஒரு சரணமும் மெட்டுப் போட்டுச் சொல்லிக்கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அது பாட்டு மாதிரி கேட்க ஆரம்பித்தது.

லீடரைத் தவிர. அவள் முழுப் பாட்டையும் ஒரே சுரத்தில் பாடினாள். மேலே போகிற இடத்திலும் அதே சுரம், கீழே வருகிற இடத்திலும் அதே சுரம். சத்தமோ கேட்க வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, மனப்பூர்வமாகப் பாடுவாள். பாட்டுப் பீரியடை அவளைவிட ஆசையாக எதிர்பார்த்தவர் யாரும் இல்லை. என் கை தானாக உயரும். ஐயாவின் கை மாதிரியே. வகுப்பு நிற்கும். அவளும் நிறுத்திவிட்டு, தப்புப் பண்ணியது யார் என்று கண்டுபிடிக்கத் திரும்பிப் பின் பெஞ்சை ஒரு பார்வை பார்ப்பாள்.

நான்காவது வாரக் கடைசியில் எங்கள் கல்லூரிப் பேராசிரியை வகுப்பைப் பார்க்க வந்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஒரு குரல் மட்டும் தனியாகக் கேட்கிறது, தேர்வுக்குள் சரிசெய்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசி வாரம் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து இரண்டு பேர் வந்து நாற்பது நிமிடம் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். அதில் தேறாவிட்டால் அந்த வருடம் முழுக்க வீண். சித்தப்பா சொல்கிற கம்பெனிதான். மறுநாள் மதியம் கை கழுவுகிற குழாய் அருகே லீடரைத் தனியாகக் கூப்பிட்டேன். தேர்வு அன்றைக்கு மட்டும் நீ வாயை அசைத்தால் போதும் கண்ணு, சத்தம் வர வேண்டாம், யாருக்கும் தெரியாது என்றேன். தோளில் கை வைத்து, தேன் ஒழுகச் சொன்னேன். நல்லவிதமாகச் சொல்லிவிட்டோம் என்று எனக்குத் திருப்தி வேறு. அதை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது. அவள் “சரிங்க மிஸ்” என்று சொல்லிவிட்டு, கரும்பலகை துடைக்கப் போய்விட்டாள்.

அடுத்த பீரியடில் ஒத்திகை. லீடர் சொன்னபடியே வாயை மட்டும் அசைத்தாள். அத்தனை ஒழுங்காக அசைத்தாள். ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை. ஆனால் வகுப்பின் பாட்டு விழுந்துவிட்டது. நான் தாளம் போட்டு எடுத்துக்கொடுத்தேன். ஒரு பெஞ்ச் முன்னால் போனது, ஒரு பெஞ்ச் பின்னால் வந்தது, நடுவில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறி எல்லாரையும் திட்டினேன். அந்த இந்திக்கார அக்கா தங்கையில் மூத்தவள் மட்டும் எழுந்து, லீடர் பாட்டை எடுக்கவில்லை மிஸ், நாங்கள் அவளைப் பார்த்துத்தான் எடுப்போம் என்றாள். லீடர் தலையைக் குனிந்து பெஞ்சைப் பார்த்தாள்.

மணி அடித்து எல்லாரும் போன பிறகும் அவள் நின்றாள். சுருதிப் பெட்டிக்கு உறை மாட்ட எப்போதும் அவள்தான் உதவுவாள். அன்றைக்கு உறையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஏனுங்க மிஸ், நானு ஆல்டருங்களா, ரிஜெக்டுங்களா?”

எனக்குப் புரியவில்லை. என்ன என்று கேட்டேன். அவள் பொறுமையாக விளக்கினாள். அம்மா அம்பு ஒட்டினால் அது ஆல்டர் பீஸ். தனி டைலர் ஒருவர் சரிபண்ணிக் கொடுப்பார், மறுபடி டேபிளுக்கு வந்துவிடும். சரிபண்ணவே முடியாது என்றால் அம்பு ஒட்ட மாட்டார்கள்; ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிடுவார்கள், அது எந்த டேபிளுக்கும் திரும்பி வராது. அழுகிற குரலில் அவள் இதைச் சொல்லவில்லை. பேருந்து எந்தப் பக்கம் போகும் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். விவரம் தெரிந்தால் அதற்கேற்ப நிற்கலாம் என்பதுபோல் இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. நேரமாச்சு, போ கண்ணு என்று அனுப்பிவிட்டேன். அன்று மாலை சித்தி வீட்டுக்கு நடந்துபோன வழியெல்லாம் அதே நினைப்பு. ஒரு குழந்தை நேருக்கு நேர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாதவள் என்ன டீச்சர் என்று என் மேலேயே எனக்கு எரிச்சல்.

மறுநாள் மதியம் நானே அவளைத் தேடிப் போனேன். அந்த ஆல்டர் டைலர் என்னதான் செய்வார் என்று கேட்டேன். முழுத் துணியையும் பிரிக்க மாட்டார், அம்பு ஒட்டின இடத்தை மட்டும் பிரித்துத் தைப்பார் என்றாள். சரி, நாமும் அப்படியே பார்க்கலாம் என்று வகுப்பறையில் உட்கார்ந்தோம். நான் ஒரு வரி பாடுவேன். அவள் திருப்பிப் பாடுவாள். எங்கே விலகுகிறதோ அங்கே நான் விரலைத் தூக்குவேன்; அவள் தன் பாட்டு நோட்டில் அந்த எழுத்துக்கு மேல் ஓர் அம்பு ஒட்டுவாள். பல்லவி முடிவதற்குள் பக்கம் முழுக்கச் சிவப்பு. முதலில் சிரித்தது அவள்தான்.

“இத்தன அம்பு வந்துச்சுன்னா எங்கம்மா டைலர ஒண்ணுஞ் சொல்லாதுங்க மிஸ். மிசின்ல செட்டிங் சரியில்லைன்னு சொல்லிப் போடும்.”

நான் சுருதிப் பெட்டியைப் பார்த்தேன். ஆறு கட்டையில், நல்ல உயரத்தில் இருந்தது. ஆறு கட்டை யாருடைய சுருதி? என்னுடையது. பன்னிரண்டு வருடமாக நான் பாடிப் பழகிய இடம். முதல் நாள் பெட்டியைத் திறந்தபோது என் தொண்டைக்கு வசதியாக வைத்தேனே தவிர, இந்தப் பிள்ளைகளின் குரல் எங்கே உட்காருகிறது என்று ஒரு தடவைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை. இப்போது அவளை, முதல் நாள் சொன்ன மாதிரியே, ‘சார், இது பாட்டுப் பீரியடுங்க’ என்று சொல்லச் சொன்னேன். அந்தக் குரலை ஒட்டிப் பெட்டியை இறக்கிக்கொண்டே வந்து நாலரைக் கட்டையில் நிறுத்தினேன். மறுபடி முதல் வரியைப் பாடினாள். முதல் நான்கு எழுத்தும் போய்ச் சரியாக உட்கார்ந்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவளுக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை. ஆனால் என் விரல் எழவில்லை என்பது தெரிந்தது. முதல் அம்பை உரித்துத் தன் முழங்கையில் ஒட்டிக்கொண்டாள்.

அந்த வாரம் மதியம் எல்லாம் அதே வேலைதான். தினமும் நான்கைந்து அம்பு உரியும். முழங்கை முழுக்க ஒட்டிக்கொண்டு, வீரத்தழும்பு மாதிரி மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டுவாள். இறக்கிய சுருதியில் முழு வகுப்புமே முன்னைவிட நன்றாகப் பாடியது. எத்தனை குழந்தைகள் இத்தனை நாளும் எனக்குப் பயந்து தொண்டைக்குள்ளேயே பாடிக்கொண்டிருந்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை வந்தபோது லீடரின் நோட்டில் மிச்சம் ஓர் அம்பு. சரணத்தில் மேலே ஏறித் திரும்புகிற இடம். நானும் தலைகீழாக நின்று பார்த்தேன். அது மட்டும் உரியவில்லை.

தேர்வு திங்கட்கிழமை. வெள்ளி மாலை அவளிடம், நீதான் எடுத்துக்கொடுக்க வேண்டும், முழுக் குரலில் பாட வேண்டும் என்று சொன்னேன். அவள் நோட்டைத் திறந்து அந்த ஓர் அம்பைக் காட்டி, “இந்த எடம் வருமுங்களே மிஸ்?” என்றாள். வந்தால் வரட்டும் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, சனி ஞாயிறு இரண்டு நாளும் எனக்கு உயிர் என்னிடம் இல்லை. இன்னொரு சிக்கலும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. நாலரைக் கட்டையில் பல்லவியின் கடைசி வரி எனக்கு அடித்தொண்டைக்கும் கீழே போனது. சித்தி வீட்டு மொட்டை மாடியில் நின்று பாடிப் பார்த்தேன். பத்துத் தடவையில் நான்கு தடவை காற்றுதான் வந்தது.

திங்கட்கிழமை பிள்ளைகள் துவைத்த சீருடையில் வந்திருந்தார்கள். தேர்வு பார்க்க வந்த இருவரும் பின் பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்தார்கள். லீடர் எழுந்து நின்று கண்ணை மூடினாள், எடுத்தாள். அவள் எடுத்த கணத்தில் வகுப்பு மொத்தமும் ஒரே அடியாக அவளோடு நுழைந்தது. சுரத்தில் அவள் எப்படியோ, தாளத்தில் அவளுக்கு ஒரு மயிரிழைகூடத் தவறாது. இத்தனை நாளும் வகுப்பைத் தூக்கி நிறுத்தியது அதுதான். சரணம் வந்தது. அந்த இடம் வந்தது. லீடர் பளிச்சென்று சுரத்திலிருந்து கீழே விழுந்தாள். தயங்காமல், முழுச் சத்தத்தோடு விழுந்தாள். பின்னால் ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். என் கை எழவில்லை. எழாததை நினைத்து எனக்கே ஆச்சரியம். பல்லவிக்குத் திரும்பினோம். கடைசி வரியில் என் குரல் இறங்கியது, இன்னும் இறங்கியது, அப்புறம் காணாமல் போனது. நான் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன். பாட்டு நிற்கவில்லை. லீடரின் குரல் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு போய்த் தாளத்தின் கடைசித் தட்டில் வைத்தது.

பதிவேட்டில் தேர்வாளர்கள் சிவப்பு மையில் ஒரே வரி எழுதினார்கள்: ‘வகுப்பு உற்சாகமாக உள்ளது, ஆசிரியர் சுருதியில் கவனம் செலுத்த வேண்டும்.’ தேறிவிட்டேன், சுமாராகத்தான். கூடப் படித்தவர்கள் பலர் என்னைவிட மேலே. தேர்வாளர்கள் போன பிறகு லீடர் வந்து அந்த வரியை எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஆசிரியர் என்றால் நீங்கள்தானே என்று கேட்டாள். ஆமாம் என்று அசடு வழிந்தேன். அவள் பக்கத்தைத் திருப்பி, பாடக்குறிப்பில் நான் எழுதியிருந்த பாட்டில் பல்லவியின் கடைசி வரியைத் தேடிக் கண்டுபிடித்தாள். நெற்றியில் இருந்த அம்பை எடுத்து அந்த வரியின் ஓரத்தில் ஒட்டி, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தாள்.

“அந்த எடம் மட்டுந்தானுங்க மிஸ். மத்ததெல்லாம் ஓகே பீஸ்.”

அவளுடைய கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது அப்போது ஞாபகம் வந்தது. சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் சுருதிப் பெட்டிக்கு உறை மாட்டி முடித்துவிட்டு, கணக்கு சார் வருகிறார் என்று வகுப்பை எழுப்பப் போய்விட்டாள்.

பிறகு ஒரே ஒரு தடவை அவளைப் பார்த்தேன். அதுவும் முதலில் பார்க்கவில்லை, கேட்டேன். இரண்டு வருடம் முன்பு திருப்பூர் காதர்பேட்டையில் பள்ளி விழாவுக்காக ஒரே நிறத்தில் டி-ஷர்ட் எடுக்கப் போயிருந்தேன். தெரு முழுக்க லோடு ஏற்றுகிற சத்தம். அதையெல்லாம் தாண்டி, தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து, அதே ஒற்றைச் சுரத்தில் “மிஸ்” என்று ஒரு குரல். வளர்ந்து புடவை கட்டியிருந்தாள். மொத்தக் கடை ஒன்றில் விற்பனையில் இருப்பதாகச் சொன்னாள். வடக்கேயிருந்து வருகிற வியாபாரிகளிடம் இந்தியிலேயே பேசுவாளாம், அந்த அக்கா தங்கையிடம் கற்றுக்கொண்டதாம். ஒவ்வொரு டி-ஷர்ட்டையும் விரித்து, கழுத்து, தோள், ஓரத் தையல் பார்த்துத்தான் கட்டிக்கொடுத்தாள். பாடுவதுண்டா என்று கேட்டேன். வீட்டுப் பக்கத்து மாரியம்மன் கோயில் கும்மியில் எல்லாரும் அவளைத்தான் எடுத்துக்கொடுக்கச் சொல்வார்களாம். நான் கேட்காமலே, அந்தச் சரணத்து இடம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள்.

இப்போது அமராவதி அணைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சராக இருக்கிறேன். கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் என் மாணவர்கள் சிரிப்பார்கள். ஆனால் வருடத்தின் முதல் வகுப்பில் சுருதிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், ஒவ்வொரு பிள்ளையையும் தன் பெயரையும் ஊரையும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். வாயை மட்டும் அசை என்று யாரிடமும் சொன்னதில்லை. மேஜை இழுப்பறையில் ஒரு சுருள் ஸ்டிக்கர் கிடக்கிறது. எங்கே விலகுகிறதோ அங்கே அவர்களே ஒட்டிக்கொள்கிறார்கள். வருடக் கடைசியில் சில நோட்டுகளில் ஓர் அம்பு, இரண்டு அம்பு மிஞ்சத்தான் செய்யும். அதோடேயே விழாவில் பாடுகிறார்கள்.

போன வாரம் பதிவேட்டைக் கையில் எடுத்தபோது அம்பின் ஒரு முனை எழும்பியிருந்தது. அவள் செய்த மாதிரியே கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தேன். பிறகு, சும்மா, நாலரைக் கட்டையில் அந்தக் கடைசி வரியைப் பாடிப் பார்த்தேன். இத்தனை வருடப் பழக்கத்துக்குப் பிறகும் குரல் அதே இடத்தில் காற்றாகிப் போனது. அப்போதுதான் சிரித்தேன். அந்த எடம் மட்டுந்தானுங்க.